பெரிய வயதில் உறுதிபூசுதல் பெறப்போகும் ஆண்களுக்கு: புனிதரைத் தேர்ந்தெடுப்பது முதல் பதிவேட்டில் பெயர் ஏறுவது வரை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று நம் இராமநாதபுரம் மாவட்டக் கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளில் உறுதிபூசுதல் பெறாத ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஆயர் (பிஷப்) நெற்றியில் திருஎண்ணெய் பூசிக் கொடுக்கும் அருட்சாதனம் அது. புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியிருப்பார்கள், அதோடு சரி. எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதே அப்பாவோடு படகேறியிருப்பார்கள், இல்லையென்றால் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். உறுதிபூசுதலுக்கான மறைக்கல்வி வகுப்பும் ஏறக்குறைய அதே வயதில்தான் நடக்கும். அப்புறம் பல வருடம் கழித்து, கல்யாணத்துக்கு ஓலை எழுத, அதாவது கோயிலில் திருமண அறிவிப்புக்குப் பெயர் கொடுக்கப் போகும்போதோ, அக்கா பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்கும்போதோதான் இந்தக் கேள்வி வரும்: "உறுதிபூசுதல் எடுத்திருக்கீங்களா?"

எனக்கும் அப்படித்தான் வந்தது. எந்தத் தாள் வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல் பங்கு பங்காக அலைந்தேன். எந்தப் புனிதரைப் பாதுகாவலராகக் கேட்பது என்பதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கோ அதுதான் இந்த ஏற்பாடு முழுவதிலும் பெரிய விஷயமாகப் பட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. பங்குத்தந்தையைப் பாருங்கள், ஆனால் நேரம் பார்த்து

ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் சாமியாரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், உங்கள் விஷயம் காதில் ஏறாது. வாரநாள் சாயங்காலம், முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுப் போங்கள். திருவிழாக் கொடி ஏறிவிட்டால் தேர் முடிந்து கொடி இறங்கும் வரை பங்கு அலுவலகத்தில் எந்தத் தாளும் நகராது.

நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த உறுதிபூசுதல் எப்போது? பெரியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா? என்னென்ன தாள்கள் வேண்டும்? ஞானத்தகப்பன் வெளிப்பங்கு ஆளாக இருக்கலாமா?

முதல் கேள்விதான் உங்கள் காலக்கெடுவைத் தீர்மானிக்கும். உறுதிபூசுதல் கொடுப்பவர் வழக்கமாக ஆயர்தான். நம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகிறது. ஒரே ஆயர் இராமநாதபுரம், சிவகங்கை இரண்டு மாவட்டப் பங்குகளுக்கும் போக வேண்டும். ஆகவே எல்லாப் பங்கிலும் வருடா வருடம் உறுதிபூசுதல் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் பங்கில் அடுத்தது தள்ளி இருந்தால், பக்கத்துப் பங்கில் நடக்கும்போது சேர்ந்துகொள்ளலாமா என்று அப்போதே கேளுங்கள். உங்கள் பங்குத்தந்தை ஒரு கடிதம் கொடுத்தால் இது நடக்கிற காரியம்தான்.

கடல் தொழில் செய்கிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்கில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில்தான் நிற்கும். உறுதிபூசுதலுக்குப் பொருத்தமான தூய ஆவி பெருவிழாவும் பெரும்பாலும் மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் வரும். தடைக்காலத்தில் வகுப்பை முடித்துவிட வேண்டும் என்று சாமியாரிடம் பிப்ரவரி மாதமே பேசி வையுங்கள். மற்ற மாதங்களில் இராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலையில்தான் கரை சேர்வார், மீனை இறக்கி எடை போட்டு முடிப்பதற்குள் வகுப்பு கலைந்திருக்கும். இதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். வியாழன் சாயங்காலம் வகுப்பு வைக்க முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கல்யாணம் கோயிலில் நடக்காமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் நடந்திருந்தால், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். உறுதிபூசுதலுக்கு முன் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து நன்மை வாங்கும் நிலையில் இருக்க வேண்டும், எனவே திருமணத்தைச் சரி செய்வது முன்னால் வரும். கடைசி வாரத்தில் இது வெளியே வந்து, சட்டை தைத்து வைத்த பிறகு நின்றுபோனவர்கள் உண்டு.

ஞானஸ்நானமே பெறாதவர் என்றால் உங்கள் பாதை வேறு. பெரியவர்களுக்கான தயாரிப்பு முடிந்து, வழக்கமாக ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா திருவிழிப்பு இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நன்மை மூன்றும் ஒன்றாகக் கொடுப்பார்கள். அப்போது உறுதிபூசுதலை அந்தக் குருவானவரே கொடுக்கலாம், ஆயர் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

2. ஞானஸ்நானச் சான்றிதழ்: இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள்

மற்ற எல்லாத் தாளும் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும். இது ஒன்றுதான் மாதக்கணக்கில் இழுக்கும். வகுப்பு தொடங்கக் காத்திருக்காமல் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

சான்றிதழ் நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கில்தான் கிடைக்கும், இப்போது இருக்கும் பங்கில் அல்ல. நம் பக்கம் தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்கும். பல பேருக்கு ஞானஸ்நானமும் அம்மாவின் ஊர்க் கோயிலிலேயே முடிந்திருக்கும். வளர்ந்தது தங்கச்சிமடம், பதிவு கிடப்பதோ தூத்துக்குடிப் பக்கம் ஏதோ ஒரு பங்கில். அதனால் முதலில் அம்மாவிடமோ சித்தியிடமோ உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கோயில், எந்த வருடம், யார் ஞானப்பெற்றோர், எந்தத் திருவிழாவை ஒட்டி என்று கேளுங்கள். "சூசையப்பர் திருநாளுக்கு மறுவாரம்" என்று அம்மா சொன்னால் அது போதும், தேடும் பக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

வருடம் ஏன் முக்கியம் என்றால், பதிவேடு ஞானஸ்நானம் கொடுத்த தேதி வரிசையில் எழுதப்பட்டது. பெயர் வரிசையில் இருக்காது. நான் பார்த்த பதிவேடு முழங்கை நீளம் இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, நீல மை சில பக்கங்களில் பழுப்பாகிப் போயிருந்தது. குழந்தை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப்பெற்றோர், குருவானவர் கையெழுத்து என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசியில் ஓரமாக ஒரு வெற்றுக் கட்டம். உபதேசியார் (கோயிலில் மறைக்கல்வி சொல்லித் தருபவர்) ஒரு ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே வந்து, என் அப்பா பெயரில் நிறுத்தி, "இது உங்க பேரு இல்லையே" என்றார். வீட்டில் கூப்பிடும் பெயர்தான் ஆதாரில் இருந்தது. பதிவேட்டில் இருந்தது தாத்தாவின் பெயர்.

இது மிகச் சாதாரணமாக நடப்பது. பதற வேண்டாம். பதிவேட்டில் இருக்கிறபடியே சான்றிதழ் வாங்குங்கள். ஆதாரில் உள்ளபடி மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், கேட்டாலும் எழுதக் கூடாது. அப்பா அம்மா பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குத்தான் என்று உங்கள் பங்குத்தந்தை விசாரித்துக் குறித்துக்கொள்வார். பள்ளி மாற்றுச் சான்றிதழும் ரேஷன் கார்டு நகலும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

போகும் முன் கவனிக்க இன்னும் சில. நீங்கள் பிறந்தபோது கிளைக் கிராமமாக இருந்த ஊர் இப்போது தனிப் பங்காகியிருக்கலாம். பழைய பதிவேடு தாய்ப்பங்கில்தான் இருக்கும், புதுக் கோயிலில் போய்த் தேடிப் பயனில்லை. என்ன காரியத்துக்குச் சான்றிதழ் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பழைய நகல் வீட்டில் இருந்தாலும் புதிய தேதியிட்டதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள், ஏனென்றால் உறுதிபூசுதலும் திருமணமும் நடந்திருந்தால் அந்த ஓரக் கட்டத்தில் குறிப்பு ஏறியிருக்கும். முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முத்திரை இல்லாத தாளோடு பஸ் ஏறிவிட்டால் அதே தூரம் திரும்பவும் போக வேண்டி வரும்.

பதிவே கிடைக்கவில்லை என்றால்? தனுஷ்கோடி போல 1964 புயலில் அழிந்துபோன ஊரில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பதிவு கிடைக்காதவர்களுக்கும் திருச்சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது. நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதும். அம்மா, ஞானத்தாய், அன்று கூட நின்ற பெரியம்மா என்று யாராவது பங்குத்தந்தை முன் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளலாம். தாள் இல்லையே என்பதற்காக மறுபடி ஞானஸ்நானம் கேட்காதீர்கள். அது வாழ்நாளில் ஒரு முறைதான்.

3. புனிதரைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் பயத்தைப் பார்த்து

ஞானஸ்நானப் பெயரையே உறுதிபூசுதலுக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்குரிய புனிதரே உங்கள் பாதுகாவலராகத் தொடர்வார். வேறொரு புனிதரையும் கேட்கலாம் என்றால் எப்படி எழுதுவார்கள் என்பது பங்குக்குப் பங்கு மாறும், வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். எதுவானாலும் அது கோயில் பதிவேட்டோடு சரி. ஆதார், வாக்காளர் அட்டை, மீனவர் அடையாள அட்டை எதையும் மாற்றத் தேவையில்லை, மாற்றவும் செய்யாதீர்கள்.

பெரும்பாலும் என்ன நடக்கிறது? படிவத்தை நீட்டியதும் பக்கத்தில் நிற்கும் அத்தை "அந்தோனியார்னு போடு" என்பார், போட்டுவிடுவோம். அந்தோனியார் மேல் எனக்கு மிகுந்த பக்தி உண்டு. ஆனால் வளர்ந்த ஆண் ஒருவன் ஒரு புனிதரைக் கேட்பது, "இவரைப் போல நிற்கப் பார்க்கிறேன்" என்று ஆயர் முன் சொல்வதற்குச் சமம். ஆகவே என் யோசனை இது: ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, எதற்குப் பயந்து பின்வாங்குகிறோம் என்று யோசியுங்கள். கடன்காரரா, குடியா, கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்ற கூச்சமா, குடும்பப் பொறுப்பா? அந்த இடத்தில் நின்று காட்டிய ஆளைத் தேடுங்கள்.

எல்லாப் புனிதரும் சாமியார்தானே, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற நமக்கு எப்படிப் பொருந்தும் என்று நினைப்பவர் முதலில் தேவசகாயத்தைப் படியுங்கள். 1712-இல் குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர், மனைவி உள்ளவர். 33 வயதில், 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். வயதாகிவிட்டது, இனிமேல் என்ன என்று தயங்குகிறவர்கள் அந்த வயதைக் கவனியுங்கள். கைது செய்து சுமார் மூன்று வருடம் சித்திரவதை செய்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். பழைய வழிக்குத் திரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தார்கள். குருவாகவோ துறவியாகவோ இல்லாத இந்தியர் ஒருவர் புனிதரானது அதுதான் முதல் தடவை. அவர் கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு வரலாம்.

நம் மண்ணிலேயே இரத்தம் சிந்தியவர் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ அடிகளார். போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் 1647-இல் பிறந்து, நம் மறவ நாட்டில் நம்மைப் போலவே நடந்து, உண்டு, பேசி, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். அன்று திருநீற்றுப் புதன். அதற்கு முன்பே ஒரு முறை பிடித்துக் கொடுமைப்படுத்தி, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று துரத்தியிருந்தார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம், ஆனால் திரும்பி வந்தார். எது நடக்கும் என்று தெரிந்தே திரும்பி வந்த அந்தத் துணிச்சல்தான் எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிகிறது. புனிதரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓரியூருக்கு ஒரு முறை போய் வாருங்கள். திருவாடானை வட்டம், தொண்டி பக்கமிருந்து போகலாம். பிப்ரவரித் திருவிழாக் கூட்டத்தில் போனால் நின்று யோசிக்க இடம் கிடைக்காது. சாதாரண வாரநாளில் போங்கள். பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செம்மண்ணில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

குடும்பப் பாரம் அழுத்துகிறவருக்கு இயேசுவை வளர்த்த சூசையப்பர். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் எச்சரிக்கை வந்தது, இராத்திரியோடு இராத்திரியாக எழுந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். ஊர் தெரியாது, மொழி தெரியாது, கையில் தச்சுத் தொழில் மட்டும். பிழைக்க வெளியூர் போய் வாடகை வீட்டில் குடும்பத்தை வைத்திருக்கிற ஆணுக்கு இதைவிட நெருக்கமானவர் யார்? மார்ச் 19, மே 1 இரண்டு நாளும் அவருக்கு விழா. இராமேஸ்வரம் வேர்க்கோடு கோயில் அவர் பெயரில்தான் இருக்கிறது. மனைவியை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறவர் என்றால் லூயி மார்ட்டினையும் படியுங்கள். கடிகாரம் பழுது பார்த்தவர், ஐந்து பெண் பிள்ளைகளை ஆளாக்கியவர், குழந்தை தெரசாள் என்ற புனிதையின் அப்பா. முதுமையில் மனநோய் வந்து மருத்துவமனையில் கிடந்தார். 2015-இல் அவருக்கும் அவர் மனைவி செலிக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் கிடைத்தது.

குடியோடு போராடுகிறவர்களுக்கு ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். மார்க் ஜி தியான்சியாங், சீன நாட்டு மருத்துவர். வயிற்று வலிக்கு மருந்தாக எடுத்த அபின் அவரைப் பிடித்துக்கொண்டது. திருந்தும் எண்ணம் இல்லை என்று நினைத்துக் குருவானவர் பாவமன்னிப்புக் கொடுக்க மறுத்துவிட்டார். சுமார் 30 வருடம் நன்மை வாங்க முடியாமலேயே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அபினை விட முடியவில்லை, கோயிலையும் விடவில்லை. 1900-இல் கிறிஸ்தவர்களைக் கொன்றபோது மறுதலிக்க மறுத்தார். தன் குடும்பத்தில் யாரும் தனியாகச் சாகக் கூடாது என்று, தன்னைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார். 2000-இல் புனிதரானார். நம் கரையில் குடியால் வெட்கப்பட்டுக் கோயில் வாசலிலேயே நின்றுவிடுகிற எத்தனையோ அண்ணன்மாருக்கு இந்த மனிதரைத் தெரியாது. தயவுசெய்து சொல்லுங்கள்.

கடல் தொழிலாளிக்குச் சந்தியாகப்பர் (யாக்கோபு) இருக்கிறார். செபெதேயுவின் மகன், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த படகிலிருந்து இயேசு கூப்பிட்டவர், அப்போஸ்தலர் பன்னிருவரில் முதலில் வாளுக்குப் பலியானவர். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் ஜூலை 25 திருவிழாவுக்குச் சாதி மதம் பாராமல் ஊரே கூடும். அந்தோனியாரும் கடலை அறிந்தவர்தான். மொராக்கோவில் வேதசாட்சியாகச் சாக வேண்டும் என்று போனார், நோய் வந்து திருப்பி அனுப்பினார்கள், ஊர் திரும்பிய கப்பலைக் காற்று சிசிலித் தீவில் கொண்டு தள்ளியது. நினைத்த எதுவும் நடக்கவில்லை. ஒரு சின்ன ஆசிரமத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரை ஒரு நாள் எதிர்பாராமல் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள், அதிலிருந்துதான் அவர் பெயர் பரவியது. திட்டம் போட்டதெல்லாம் தலைகீழாகப் போனவர்கள் அவரை அந்தக் காரணத்துக்காகக் கேட்கலாம். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போய்வந்து முடிவெடுக்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அதற்கு விண்ணப்பம், அடையாள அட்டை, காவல்துறை சரிபார்ப்பு என்று தனி நடைமுறை இருக்கிறது. எல்லா வருடமும் இங்கிருந்து படகு போகும் என்பதும் நிச்சயமில்லை. 2024-இல் மீனவர் கைதைக் கண்டித்துப் படகுகள் போகவில்லை.

அடுத்தவனுக்காக முன்னால் வரத் தயங்குகிறவர் மாக்சிமிலியன் கோல்பேயைப் படியுங்கள். ஆஷ்விட்ஸ் வதை முகாமில் பட்டினி போட்டுக் கொல்லப் பத்துப் பேரைப் பிரித்தபோது, ஒருவர் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்று கோல்பே வரிசையை விட்டு வெளியே வந்தார். 1941 ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். 1982-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த நாளில், காப்பாற்றப்பட்ட அந்தக் குடும்பத் தலைவர் ரோமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு எச்சரிக்கைகள். நாம் போற்றுகிற எல்லோரும் புனிதர் பட்டம் பெற்றவர்கள் அல்ல. இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர் எல்லாம் தாண்டித்தான் புனிதர். சந்தேகம் இருந்தால் படிவம் எழுதும் முன் சாமியாரிடம் கேளுங்கள். அப்புறம், வாட்ஸ்ஆப்பில் வரும் புனிதர் கதைகளை அப்படியே நம்பாதீர்கள், புதுமைகளை ஏற்றிக்கொண்டே போவார்கள். பங்கு நூலகத்திலோ கோயில் புத்தகக் கடையிலோ சின்ன வரலாற்றுப் புத்தகம் கிடைக்கும், அதை வாங்கிப் படியுங்கள்.

4. ஞானத்தகப்பன்

உறுதிபூசுதலில் உங்களுக்குத் துணை நிற்கும் இவருக்குக் குறைந்தது 16 வயது முடிந்திருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும், அவரும் உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும், நன்மை வாங்கும் நிலையில் இருக்க வேண்டும். உங்கள் அப்பாவோ அம்மாவோ நிற்க முடியாது. இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: படகு முதலாளியையோ அரசியல் செல்வாக்குள்ள மாமாவையோ கேட்டுவிட்டு, அவரும் உறுதிபூசுதல் பெறாதவர் என்று கடைசியில் தெரியவரும். பெரிய மனிதரிடம் அதைச் சொல்வது சங்கடம். கேட்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

ஞானஸ்நானத்துக்கு நின்ற அதே ஞானத்தகப்பன் உயிரோடு இருந்தால் அவரையே கேட்பது நல்லது, திருச்சபையும் அதைத்தான் விரும்புகிறது. வெளிப்பங்கு ஆள் என்றால் அவர் பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

5. வகுப்பும் பாவசங்கீர்த்தனமும்

பெரியவர்களுக்குத் தனி வகுப்பு இல்லாமல் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் கூச்சப்படாமல் உட்காருங்கள். மந்திரங்கள் (செபங்கள்), ஏழு அருட்சாதனங்கள், தூய ஆவியின் ஏழு கொடைகள், ஞானஸ்நான வாக்குறுதிகள் இவைதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ஏழு கொடைகளில் ஒன்று திடம். தேர்ந்தெடுத்த புனிதரின் வாழ்க்கையை அதோடு வைத்துப் படித்தால் மனப்பாடம் செய்யாமலே நிற்கும். எழுத்து வராதவர்கள் உபதேசியாரிடம் சொல்லுங்கள், வாயால் கேட்டுக்கொள்வார்.

பாவசங்கீர்த்தனத்தை முந்தின நாள் வரிசைக்கு விடாதீர்கள். பல வருடம் கழித்துப் போகிறவருக்கு அவசரம் ஆகாது. ஒரு வாரம் முன்னால், வேறு பங்கில் தெரியாத குருவானவரிடம் வேண்டுமானாலும் போகலாம். "ரொம்ப வருசம் ஆச்சு சாமி, எப்படிச் சொல்றதுன்னு மறந்துபோச்சு" என்று தொடங்குங்கள், மீதியை அவரே கேட்டுக் கூட்டிக்கொண்டு போவார்.

6. செலவு

அருட்சாதனத்துக்கு விலை கிடையாது. சான்றிதழுக்குப் பங்கு அலுவலகத்தில் சின்னக் காணிக்கை இருக்கும், பங்குக்குப் பங்கு மாறும், ரசீது கேளுங்கள். கையில் காசில்லை என்றால் சொல்லலாம், ஏழை என்பதற்காக அருட்சாதனத்தை மறுக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம்.

உண்மையான செலவு அலைச்சல்தான். அம்மா ஊர்ப் பங்குக்குப் பஸ் காசு, ஒரு நாள் கூலி இழப்பு. போனிலேயே விவரம் சொல்லித் தேடி வைக்கச் சொன்னால் ஒரு பயணத்தில் முடியும். மெழுகுவர்த்தி, வெள்ளைச் சட்டை வேட்டி, ஆதார் நகல், இரண்டு புகைப்படம் இவ்வளவுதான் தேவை. ஆயர் வரவேற்பு, பந்தல், சாப்பாட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பது சில பங்குகளில் உண்டு. எவ்வளவு என்று முதல் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பிளக்ஸ் போர்டு, மோதிரம், பிரியாணி எல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் கந்துவட்டிக்கு வாங்கிச் செய்யாதீர்கள். தடைக்காலத்தில் வருமானம் இல்லாத நேரத்தில் வாங்கிய கடன் வருடம் முழுக்க இழுக்கும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

7. அந்த நாள்

நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் மருந்தும் குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பூசை நீளும் என்று கணக்குப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெயர்ச்சீட்டைச் சட்டைப் பையில் வையுங்கள், ஆயர் கேட்கும்போது பெயர் தெளிவாகக் கேட்க வேண்டும். தலைமுடியை நெற்றியில் விழாமல் வாரிக்கொள்ளுங்கள்.

ஞானத்தகப்பன் வலது கையை உங்கள் தோளில் வைப்பார். ஆயர் கட்டைவிரலைத் திருஎண்ணெயில் தொட்டு உங்கள் நெற்றியில் சிலுவை வரைவார். தூய ஆவியின் முத்திரையைப் பெற்றுக்கொள்ளச் சொல்வார், ஆமென் சொல்ல வேண்டும். அதன்பின் சமாதானம் சொல்வார், அதற்கும் பதில் உண்டு, வகுப்பில் சொல்லித் தருவார்கள். எல்லாம் சில நொடிதான். எண்ணெயில் கலந்த பரிமளத் தைலத்தின் வாசனை முகத்துக்கு நேரே வரும். தோளில் இருக்கும் கையின் பாரம் தெரியும். உடனே கைக்குட்டையால் துடைக்காதீர்கள், இடத்தில் போய் உட்காருங்கள். போட்டோகிராபருக்காகத் திரும்பி நிற்கவும் வேண்டாம்.

8. பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்

பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான். உறுதிபூசுதல் நடந்த இடத்தில் பதிவேட்டில் உங்கள் பெயர், பெற்றோர், ஞானத்தகப்பன், ஆயர், தேதி எழுத வேண்டும். அதோடு, நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கும் தகவல் போய், அங்கே உங்கள் பெயருக்கு நேரே அந்த ஓரக் கட்டத்தில் குறிப்பு ஏற வேண்டும். பக்கத்துப் பங்கில் உறுதிபூசுதல் பெற்றவர்களுக்கு இந்தத் தகவல் போகாமலே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

ஒரு வாரத்துக்குள் உறுதிபூசுதல் சான்றிதழை வாங்குங்கள். ஞானஸ்நானச் சான்றிதழில் உள்ள எழுத்தும் இதில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே நின்று ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அப்போதே சொல்லுங்கள், ஆயர் அலுவலகம் வரை போகாமல் அங்கேயே சரியாகும். இரண்டு மாதம் கழித்து ஞானஸ்நானப் பங்குக்குப் போன் போட்டு, குறிப்பு எழுதியாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சான்றிதழ் நகலை நீங்களே தபாலில் அனுப்பி வையுங்கள். அசலை லேமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஓலை எழுதவோ யாருக்காவது ஞானத்தகப்பனாக நிற்கவோ போகும்போது பங்கு அலுவலகத்தில் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.